சுத்தமான பிறகு இந்தக் கரை யாருக்கு?

குரோம்பேட்டை என்றதும் மின்சார ரயில் நிலையமும் ஜி.எஸ்.டி. சாலையும் துணிக்கடைகளும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த ஊரின் பெயரிலேயே ஓர் உலோகம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பல்லாவரத்தை ஒட்டி 1912-ல் தொடங்கப்பட்ட குரோம் லெதர் கம்பெனியால்தான் அது குரோம்பேட்டை ஆனது. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் ஊருக்குப் பெயராக வந்தது. பிறகு மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இறங்கியது.

நாகல்கேணி, பம்மல், திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று நீளும் இந்தப் பகுதியின் மழைநீர் அடையாற்றுப் படுகைக்குத்தான் வடிகிறது. ஊர் வளர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த ஆலை நிலங்கள் இன்று நகரத்தின் நடுவே இருக்கின்றன. விமான நிலையம் பக்கம், மெட்ரோ பக்கம், புறவழிச்சாலை பக்கம். அடையாற்றைச் சீரமைப்போம், கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைப்போம் என்ற அறிவிப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால், இந்த இடங்கள் நஞ்சாக இருந்தபோது அங்கே யார் வாழ்ந்தார்களோ, அவை சுத்தமான பிறகும் அங்கே அவர்கள்தான் வாழ்வார்களா? இந்த வாரம் நாம் கேட்க விரும்புவது அதைத்தான்.

குழிக்குள் இறங்கியவர்கள்

தென்னிந்தியத் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம் பட்டையை நம்பி இருந்தது. பட்டைச் சாற்றில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். குரோமிய உப்பு கரைத்த நீரில், சுழலும் மர டிரம்முக்குள் போட்டால் தோல் விரைவாகப் பதமாகும். வேகம் கூடியது, லாபமும் கூடியது. அடையாறில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தோல் பதனிடும் ஆலைகள் பெருகின.

தோல் தொழிலில் இருவகை வேலை உண்டு. பதப்பட்ட தோலைத் தரம் பிரிப்பது, விலை பேசுவது, கப்பலில் ஏற்றுவது ஒருவகை. உப்பு போட்டு வந்த பச்சைத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பது, முடி எடுப்பது, சதை சீவுவது மற்றொரு வகை. பச்சைத் தோலைத் தொடுவதே தீட்டு என்று வகுத்த சமூகத்தில், இந்த இரண்டாவது வகை வேலைக்கு யார் அழைக்கப்பட்டார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை வந்தால் சாதி போய்விடும் என்றார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே சாதிக்கு ஒரு குழி வெட்டிக் கொடுக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அதே குழிக்கு வடமாநில ஏழைத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தொழிலாளியின் குடியிருப்பும் ஆலையை ஒட்டியே அமைந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அதே காற்று, அதே வாய்க்கால், அதே நிலத்தடி நீர். முதலாளியின் வீடு அங்கே இல்லை.

கிணற்றுக்கு என்ன ஆனது?

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். அது உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வெளியே வரும். பழைய முறையில், டிரம்மில் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும்.

குரோமியத்தில் முக்கியமாக இரண்டு வடிவங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். அது ஒப்பீட்டளவில் ஆபத்து குறைந்தது. அறுவிணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருக்கும் சூழலில் முதல் வடிவம் மெல்ல இரண்டாவதாக மாறவும் கூடும். எனவே 'இது ஆபத்தில்லாத குரோமியம்தான்' என்று யாராவது சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளக் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குரோமியம் கண்ணுக்குத் தெரியாது. உப்பு நாக்குக்குத் தெரியும். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது அதே தர நிர்ணயம். தோல் ஆலைப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களுக்கு, சோறு வேகாததும் பருப்பு வேகாததும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவதும் புதிய செய்தி இல்லை. விளைவு என்ன? கூலியில் ஒரு பகுதி கேன் தண்ணீருக்குப் போகிறது. கிணற்றைக் கெடுத்தவர் அந்தக் கேனுக்குக் காசு தருவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ல் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்கான போராட்டம் அது. தோல் ஆலைப் பகுதிகளில் அந்த உரிமை சட்டப்படி இருக்கிறது. குடிப்பதற்குத்தான் தண்ணீர் இல்லை. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தவர், பழங்குடியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவதைக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆலைக் கழிவு பற்றிய பேச்சில் இந்தப் பிரிவை யாரும் எடுப்பதே இல்லை.

நீதிமன்றம் சொன்னது

தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. பலரும் அதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி சமாச்சாரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் இருந்தது. அதாவது பல்லாவரமும் இருந்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதிக்கப்பட்டது. ஆறு, ஏரி உள்ளிட்ட குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெரும் மாசு உண்டாக்கும் புதிய ஆலைகள் கூடாது என்ற 1989-ம் ஆண்டு அரசாணையை நடைமுறைப்படுத்தவும் உத்தரவானது.

நாகல்கேணியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது இந்தக் காலகட்டத்தில்தான். சுத்திகரிப்பு நிலையம் வந்தபின் ஓடும் கழிவுநீருக்கு ஒரு வழி பிறந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கியதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றது.

வேலூர்ப் பகுதியில் அந்தக் கேள்வி தொடர்ந்து கேட்கப்பட்டது. பாதிப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம், ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு இழப்பீடு தர 2001-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வழக்கு நடந்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. தர வேண்டிய இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும். சேதம் சரிசெய்யப்படும் வரை அவர்களின் பொறுப்பு தொடரும் என்றது. ஆலை மூடினாலும் பொறுப்பு மூடாது என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

பூட்டிய கேட்டுக்குப் பின்னால்

பொறுப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. பாலாற்றுப் படுகையில் இருக்கும் அங்கே 1970-களில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, 1990-களின் மத்தியில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அந்த வளாகத்திலேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வழிந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது. அதே ஊரின் சிப்காட்டில், தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி 2015 ஜனவரி 31 அதிகாலையில் உடைந்தது. அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுத்தம் செய்கிறோம் என்று வருபவர்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு சுத்தம்? கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக 2016-ல் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வதில் சிக்கல் நீண்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவுகோலை அங்கே முன்வைத்தார்கள். ஐரோப்பாவில் இதே நிறுவனம் இவ்வளவு மிச்சம் வைத்துவிட்டுப் போக முடியுமா என்று சூழல் அமைப்புகள் கேட்டன. எத்தனை மில்லிகிராம் மிஞ்சலாம் என்பதை வேதியியல் மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கே வாழ்பவர் யார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

குரோமிய மண்ணுக்கும் வழிகள் உண்டு. இரும்பு சல்பேட் போன்றவற்றைக் கலந்து நச்சு வடிவத்தைக் குறைந்த ஆபத்துள்ள வடிவமாக மாற்றலாம். மோசமான மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பான புதைகுழிக்குக் கொண்டுபோகலாம். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். எல்லாவற்றிலும் மலிவான வழி, மேலே ஓர் அடி செம்மண் கொட்டிப் புல் வளர்த்துப் பூங்கா என்று பலகை மாட்டுவது. அந்த மலிவான வழி எந்தத் தெருவுக்கு வரும் என்று நமக்குத் தெரியும். தோண்டிய மண் போகும் ஊரையும் மறக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுப் புதைகுழி இருக்கிறது. அதைச் சுற்றியும் ஏழைகளின் ஊர்கள்தான். அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொட்ட 1982-ல் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் பரவலானது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான்.

கரை அழகானால் நாம் எங்கே?

அடையாறு கடலில் சேரும் கழிமுகத்தில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு 2011-ல் பூங்கா திறந்தார்கள். தொல்காப்பியப் பூங்கா என்று இன்று அறியப்படுவது அதுதான். சதுப்பு நிலத்தை மீட்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் ஆற்றை மீட்கும் வேலை கரையோரக் குடிசைகளை நோக்கி வரும்போது வேறு கதை நடக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகரும் எழில் நகரும் இப்படித்தான் நிரம்பின. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டன. தைலாவரம், கீரப்பாக்கம், பெரும்பாக்கம் என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. அனகாபுத்தூரில் வீட்டு வேலை பார்த்த பெண் கீரப்பாக்கத்திலிருந்து எந்தப் பேருந்தில், எத்தனை மணிக்குக் கிளம்பி வேலைக்கு வருவார்? பள்ளியாண்டு தொடங்கும் நேரத்தில் பிள்ளையின் சேர்க்கை என்ன ஆகும்? வீடு கொடுத்துவிட்டோம் என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

வெள்ளத்தில் சிக்கும் இடத்தில் யாரும் வாழக் கூடாது என்பதை நாமும் ஏற்கிறோம். உயிர் முக்கியம். ஆனால் ஆற்றின் வழியை மறித்து நிற்பவை ஓலைக் குடிசைகள் மட்டுமா? சதுப்பு நிலத்தில் அலுவலகங்கள் எழுந்தன, ஏரிகளில் சாலைகள் போடப்பட்டன. அளவுகோல் ஒன்றாக இருந்தால் நாம் ஏன் கேட்கப் போகிறோம்?

2024-25 நிதிநிலை அறிக்கையில் அடையாற்றைச் சீரமைக்க ரூ.1,500 கோடியில், அரசும் தனியாரும் பங்கேற்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தனியார் முதலீடு வந்தால் வருமானமும் எதிர்பார்க்கப்படும். ஆற்றங்கரை நிலத்தில் வருமானம் எங்கிருந்து வரும்? வீட்டுமனையிலிருந்தும் வணிக வளாகத்திலிருந்தும்தான். பூங்கா வந்த தெருவில் வாடகை ஏறும். இடிக்காமலேயே வாடகைக் குடித்தனக்காரர்கள் வெளியேறுவார்கள்.

பிராங்க்ஸ் ஆற்றங்கரையில் நடந்தது

வேறு விதமாகவும் நடக்கலாம். நியூயார்க்கில் கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழி பேசும் ஏழைகளும் வாழும் தென் பிராங்க்ஸ் பகுதியில், பிராங்க்ஸ் ஆற்றங்கரையில் ஒரு கான்கிரீட் கலவை ஆலை 1945 முதல் 1987 வரை ஓடியது. மூடிய பிறகு நிலம் குப்பை மேடானது. நகர நிர்வாகம் அதை ஏலம் விட நினைத்தது. அப்பகுதி இளைஞர் அமைப்புகளும் குடியிருப்பவர்களும் எதிர்த்து ஏலத்தை நிறுத்தினார்கள். நிலம் பூங்காத் துறைக்கு மாற்றப்பட்டது. 2009-ல் பூங்கா திறந்தது. ஆலையின் பழைய உயரமான கொள்கலன்களை இடிக்காமல் விட்டுவைத்தார்கள். இங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால். ஆற்றங்கரையே இல்லாமல் இருந்த மக்களுக்கு ஆற்றில் இறங்க ஒரு படித்துறை கிடைத்தது.

அங்கே வேலையைத் தொடங்கியது ஒப்பந்ததாரர் அல்ல, தெருக்காரர்கள். நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

இப்போது கையில் இருக்கும் சட்டம்

மாசடைந்த இடங்களுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் நெடுங்காலம் இல்லை. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த விதிகளை வெளியிட்டது. நாட்டில் இதுவரை அடையாளம் காணப்பட்டவை 103 இடங்கள். அவற்றில் சீரமைப்பு தொடங்கியது ஏழில் மட்டும்தான் என்று அப்போது செய்திகள் வந்தன.

புதிய விதிகளின்படி, மாசடைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசு உறுதியானால், பொறுப்பானவர் யார் என்று கண்டறிந்து அவர் செலவில் சீரமைக்க வேண்டும். அப்படி ஒருவரைப் பிடிக்க முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்க வேண்டும். குறைகளும் உண்டு. சீரமைப்பை எப்போது முடிக்க வேண்டும் என்ற கெடு விதிகளில் இல்லை. குப்பைக் கிடங்குகள் இதன் கீழ் வராது. சீரமைத்த நிலம் யாருக்கு என்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த விடுபட்ட இடத்தை நிரப்பும் வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பிறந்ததுதான் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். வரலாற்று அநீதிக்கு ஈடாக நிலம் தரலாம், அந்த நிலம் கைமாறாமல் காக்கலாம் என்ற கோட்பாடு பிறந்தது இந்த மண்ணில். மீட்கப்படும் ஆலை நிலத்துக்கும் அது பொருந்தும்.

நாம் கேட்பது

முதலில், பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதியில் உள்ள பழைய ஆலை வளாகங்களையும் கசடு கொட்டிய இடங்களையும் சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலில் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் சேர்க்க வேண்டும். மண், கிணற்று நீர் ஆய்வு முடிவுகளைத் தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆய்வு முடியும் முன் அந்த நிலங்களில் அடுக்குமாடிக்கோ பள்ளிக்கோ கட்டட அனுமதி தரக் கூடாது. நஞ்சு மண்ணின் மேல் வீடு வாங்குபவரும் ஏமாறுகிறவர்தான்.

மூன்றாவது, மீட்கப்படும் நிலம் பொது நிலமாகவே இருக்க வேண்டும். என்ன வேண்டும் என்று அங்கே வாழ்பவர்களைக் கேளுங்கள். விளையாட்டுத் திடல், இரவில் படிக்கும் பிள்ளைகளுக்கு நூலகம், போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்த ஒரு கூடம், வாடகைக்கு மண்டபம் பிடிக்க முடியாதவர்களுக்குச் சமுதாயக் கூடம், தோல் தொழிலாளர்களின் நுரையீரலையும் தோலையும் பரிசோதிக்க ஒரு மருத்துவ நிலையம். கீரை பயிரிடும் தோட்டம் வேண்டுமானால் மண் ஆய்வுக்குப் பிறகு மட்டும்.

நான்காவது, வெளியேற்றம் தவிர்க்கவே முடியாத இடத்தில் மாற்று வீடு அதே வட்டாரத்தில் அமைய வேண்டும். மீட்கப்படும் நிலத்தில் பாதுகாப்பான பகுதி இருந்தால், முதல் உரிமை கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு.

ஐந்தாவது, சுத்திகரிப்பு வேலையில் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் இடமும் தர வேண்டும். வெறுங்கையோடு கசடு அள்ளும் வேலையாக அது இருந்துவிடக் கூடாது. மண் மாதிரி எடுப்பவராக, ஆய்வக உதவியாளராக, மேற்பார்வையாளராக நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது; பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை எல்லாம் இப்போது ஒரே குடையின் கீழ் உள்ளன. அதன் முதல் மேயர் பதவியே பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 70 வார்டுகளிலும் பகுதி சபை கூட்ட விதி இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும்: உங்கள் தெருவில் எந்த ஆலை எந்த ஆண்டு வரை ஓடியது, கழிவு எந்த வழியாகப் போனது, கசடு எங்கே கொட்டப்பட்டது, கிணறு எந்த ஆண்டு முதல் கெட்டது. ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, தீர்மானமாகப் பதிவு செய்து, ஒரு நகலை மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 90 நாள் கணக்கு தொடங்க அந்தத் தாள் உதவும்.